விர்ச்சுவல் ஹோஸ்ட் அமைப்பும் வெற்று டொமைனைத் திருப்பிவிடுதலும்: அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் சர்வர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மூன்று டபிள்யூ சேர்த்து முகவரியைத் தட்டினால் தளம் சரியாகத் திறக்கிறது. சேர்க்காமல் வெறும் டொமைன் பெயரைத் தட்டினால் உபுண்டுவின் மாதிரிப் பக்கமோ, அதே சர்வரில் இருக்கும் வேறொருவருடைய தளமோ, சான்றிதழ் செல்லாது என்ற எச்சரிக்கையோ வந்து நிற்கிறது. இந்தப் புகாரோடு வருபவர்கள் பெரும்பாலும் ரீடைரக்ட் வரியைத்தான் (திருப்பிவிடும் கட்டளையை) திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பார்கள். கோளாறு அந்த வரியில் இருப்பது அபூர்வம். வாசலுக்கு வந்தவரைப் பக்கத்து வாசலுக்குப் போகச் சொல்வதற்கும் இந்தக் கதவைத் திறந்து எதிரே நிற்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அதுபோல, திருப்பிவிடப்போகும் வெற்றுப் பெயருக்கும் டிஎன்எஸ் பதிவு (பெயர் எந்த ஐபி எண்ணுக்குரியது என்ற குறிப்பு), விர்ச்சுவல் ஹோஸ்ட் (அந்தப் பெயரில் வருபவருக்கு என்ன பதில் என்று சர்வரில் எழுதும் பகுதி), எச்டிடிபிஎஸ் சான்றிதழ் ஆகிய மூன்றும் தளம் ஓடும் பெயருக்கு இருப்பதைப் போலவே குறைவின்றி இருக்க வேண்டும். ரீடைரக்ட் அதற்குப் பிறகுதான்.

எடுத்துக்காட்டுக்கு உதாரணம்.பரிட்சை என்ற பெயரை எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலமல்லாத எழுத்துகளில் டொமைன் பெயர்கள் இயங்குகின்றனவா என்று பார்க்க 2007 அக்டோபரில், டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 11 சோதனை டொமைன்களை இணையத்தின் மூல டிஎன்எஸ்ஸில் சேர்த்தபோது, தமிழுக்குக் கிடைத்த பெயர் அது. சோதனை முடிந்தபின் அவை நீக்கப்பட்டுவிட்டன. டபிள்யூ முகவரி என்று நான் எழுதும் இடங்களில் எல்லாம் அந்தப் பெயருக்கு முன்னால் மூன்று டபிள்யூவும் புள்ளியும் சேர்ந்த வடிவத்தைக் கொள்ளவும். சர்வரின் ஐபி முகவரியாக, ஆவணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட 203.0.113.10 என்ற எண்ணைப் பயன்படுத்துகிறேன். கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருந்தாலும் கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

சர்வர் பெயரை எப்படி அறிகிறது

ஒரே ஐபி முகவரியில் நூறு தளங்கள் ஓட முடிவதற்குக் காரணம், உலாவி அனுப்பும் கோரிக்கையில் இருக்கும் ஹோஸ்ட் என்ற தலைப்பு வரிதான். தொடக்ககால எச்டிடிபியில் அது கட்டாயமில்லை. ஆகவே தளத்துக்கு ஓர் ஐபி என்று ஒதுக்க வேண்டியிருந்தது. 1997-இல் வெளியான எச்டிடிபி 1.1 அந்த வரியைக் கட்டாயமாக்கியது. இன்றும் அந்த வரி இல்லாமல் 1.1 கோரிக்கை வந்தால் சர்வர் 400 என்ற பிழை எண்ணைத் திருப்பித் தர வேண்டும் என்பதே விதி.

சர்வரைப் பொறுத்தவரை வெற்றுப் பெயரும் டபிள்யூ முகவரியும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு பெயர்கள். ஒன்றுக்கு விர்ச்சுவல் ஹோஸ்ட் எழுதிவிட்டு மற்றொன்றை விட்டுவிட்டால், அந்தப் பெயரில் வரும் கோரிக்கையைச் சர்வர் தள்ளிவிடாது; எந்தப் பெயரோடும் பொருந்தாதவற்றுக்கென்று இருக்கும் முதல் விர்ச்சுவல் ஹோஸ்டிடம் ஒப்படைத்துவிடும். மாதிரிப் பக்கமும் அடுத்தவர் தளமும் தோன்றுவது இதனால்தான்.

எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் ஆகிய இரண்டையும் கணக்கில் சேர்த்தால் ஒரு தளத்துக்கு மொத்தம் நான்கு வாசல்கள். அவற்றில் ஒன்று மட்டுமே உள்ளடக்கத்தைத் தர வேண்டும்; மற்ற மூன்றும் அந்த ஒன்றுக்கு வழிகாட்ட வேண்டும். எந்தப் பெயர் நிலைக்க வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். சிறிய தளத்துக்கு எதுவும் சரியே. பின்னாளில் சிடிஎன் (உலகெங்கும் உள்ள தன் சர்வர்களிலிருந்து தளத்தைத் தரும்) சேவைக்குப் பின்னால் போகக்கூடிய தளமாக இருந்தால் டபிள்யூ முகவரியையே நிலைநிறுத்துமாறு நான் சொல்வேன். காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

டிஎன்எஸ்: வெற்றுப் பெயருக்கு மட்டும் உள்ள தடை

டபிள்யூ முகவரிக்கு சிநேம் பதிவு எழுதி இன்னொரு பெயரைச் சுட்டலாம். வெற்றுப் பெயருக்கு அப்படி எழுதக் கூடாது. சிடிஎன் சேவைகள் பெரும்பாலும் இப்படிச் சுட்ட வேண்டிய பெயரையே தரும் என்பதால்தான் டபிள்யூ முகவரியை நிலைநிறுத்தச் சொன்னேன். சிநேம் இருக்கும் பெயரில் வேறெந்தப் பதிவும் இருக்கக் கூடாது என்று 1987-இல் எழுதப்பட்ட டிஎன்எஸ் விதியே சொல்கிறது. வெற்றுப் பெயரிலோ டொமைனின் நிர்வாக விவரத்தைச் சொல்லும் எஸ்ஓஏ, அதன் டிஎன்எஸ் சர்வர்களைச் சொல்லும் என்எஸ் என்ற இரண்டு பதிவுகள் கட்டாயம் இருந்தாக வேண்டும். விதியை மீறி எழுத அனுமதிக்கும் கட்டுப்பாட்டுப் பலகைகளும் இருக்கின்றன. அங்கே எழுதிவிட்டால், அஞ்சல் சர்வரைச் சுட்டி வெற்றுப் பெயரில் இருக்கும் எம்எக்ஸ் பதிவு மறைக்கப்பட்டு மின்னஞ்சல் வருவது நின்றுபோகலாம். தளத்தைச் சரிசெய்யப் போய் அஞ்சலைத் தொலைத்த கதையாகிவிடும்.

ஆகவே வெற்றுப் பெயருக்கு ஏ பதிவில் 203.0.113.10 என்று நேரடியாக எண்ணைத் தரவும். டபிள்யூ முகவரிக்கு அதே எண்ணையோ, வெற்றுப் பெயரைச் சுட்டும் சிநேம் பதிவையோ தரலாம். சில டிஎன்எஸ் சேவைகள் ஏலியாஸ், ஏநேம் என்ற பெயர்களிலும் கிளவுட்ஃபிளேர் சிநேம் தட்டையாக்கல் என்ற பெயரிலும், கேள்வி வரும்போது பெயரைத் தாங்களே எண்ணாக மாற்றித் தரும் வசதியை அளிக்கின்றன. அது விதிக்கு உட்பட்ட மாற்றுவழியே.

ஐபிவி6-க்கான "நான்கு ஏ" பதிவை (ஏ என்ற எழுத்து நான்கு முறை) மறந்துவிடாதீர்கள். பழைய சர்வரின் ஐபிவி6 எண் அந்தப் பதிவில் அப்படியே கிடக்க, ஏ பதிவை மட்டும் மாற்றியவர்களுக்கு ஒரு விசித்திரமான நோய் வரும்: அலுவலக வைஃபையில் தளம் புதிதாகத் தெரியும், கைப்பேசியின் மொபைல் டேட்டாவில் பழையது தெரியும். கைப்பேசி ஐபிவி6 வழியாகப் போகிறது, அலுவலக இணைப்பு ஐபிவி4 வழியாகப் போகிறது என்பதைத் தவிர அதில் மர்மம் ஏதுமில்லை.

மாற்றத்துக்கு ஒரு நாள் முன்பே பதிவுகளின் டிடிஎல் மதிப்பை (பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவை) 300 விநாடிகளாகக் குறைத்து வைத்தால், தவறு நேர்ந்தாலும் சில நிமிடங்களில் திரும்பிவிடலாம். அன்றே குறைத்தால் பயனில்லை. பழைய மதிப்பை வாங்கி வைத்திருக்கும் சர்வர்கள் அதன் காலம் முடியும்வரை அதையேதான் சொல்லும்.

அப்பாச்சியில் விர்ச்சுவல் ஹோஸ்ட்

உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் அப்பாச்சி 2.4 பதிப்பின் தளக் கோப்புகள் சைட்ஸ்-அவெய்லபிள் என்ற அடைவில் இருக்கும். ஏ2என்சைட் கட்டளை அவற்றுக்கு சைட்ஸ்-எனேபிள்டு அடைவில் இணைப்பு ஏற்படுத்தும். கோப்பின் பெயர் புள்ளி கான்ஃப் என்று முடியாவிட்டால் அப்பாச்சி அதைப் படிக்காது, பிழையும் சொல்லாது. ரெட்ஹேட் குடும்பத்தில் இந்த இரட்டை அடைவு கிடையாது, கான்ஃப்.டி அடைவில் கோப்பை வைத்தாலே போதும்.

முதலில் உள்ளடக்கம் தரும் வாசலை எழுதுவோம். கோண அடைப்புக்குறிக்குள் விர்ச்சுவல்ஹோஸ்ட் என்ற சொல்லையும் நட்சத்திரக் குறி, முக்காற்புள்ளி, 80 (எச்டிடிபிக்கான போர்ட் எண்) ஆகியவற்றையும் எழுதித் தொடங்கி, உள்ளே சர்வர்நேம் வரியில் டபிள்யூ முகவரியையும் டாக்குமென்ட்ரூட் வரியில் தளத்தின் கோப்புகள் இருக்கும் அடைவையும் தரவும். எரர்லாக், கஸ்டம்லாக் வரிகளில் இந்தத் தளத்துக்கென்று தனி பதிவுக் கோப்புகளைக் குறிப்பிடுவது பின்னால் தேடும்போது பெரிய உதவி.

நட்சத்திரக் குறியிடத்தில் டொமைன் பெயரை எழுதும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேண்டாம், அங்கே எழுதுவது எந்த ஐபியில் கேட்க வேண்டும் என்பதைத்தான் குறிக்கும், பெயரை அல்ல. ஒரு கோப்பில் 203.0.113.10 என்று எண்ணையும் மற்றவற்றில் நட்சத்திரத்தையும் கலந்து எழுதுவது இன்னும் மோசம்: அப்பாச்சி முதலில் ஐபியைப் பொருத்திப் பார்த்து, துல்லியமாகப் பொருந்தும் தொகுதிக்குள் மட்டுமே பெயரைத் தேடும் என்பதால், நட்சத்திரக் குறியோடு எழுதப்பட்ட தளங்கள் அந்த எண்ணில் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். பழைய கட்டுரைகள் சொல்லும் நேம்விர்ச்சுவல்ஹோஸ்ட் வரி 2.4-இல் தேவையில்லை.

தளத்தின் அடைவு வழக்கமான இடத்துக்கு வெளியே இருந்தால், டைரக்டரி பகுதி ஒன்றை எழுதி அதற்குள் ரிக்வயர் ஆல் கிரான்டட் என்ற வரியைச் சேர்க்க வேண்டும். இல்லையெனில் அனுமதி மறுப்பைக் குறிக்கும் 403 பிழை வரும். வரியைச் சேர்த்த பிறகும் 403 நீடித்தால், பாதையிலுள்ள ஒவ்வோர் அடைவிலும் சர்வரின் பயனர் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். உபுண்டு 21.04 முதல் புதிய பயனர்களின் வீட்டு அடைவு மற்றவர்களுக்குப் பூட்டப்பட்டே உருவாகிறது. வீட்டு அடைவுக்குள் தளத்தை வைத்தவர்கள் சந்திக்கும் 403-க்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ரீடைரக்ட் வரியும் ஒரு சாய்கோடும்

இப்போது வெற்றுப் பெயருக்குத் தனியாக இன்னொரு விர்ச்சுவல் ஹோஸ்ட். இதற்கு டாக்குமென்ட்ரூட் தேவையில்லை. உள்ளே இரண்டே வரிகள்:

சர்வர்நேம் உதாரணம்.பரிட்சை
ரீடைரக்ட் 302 / எச்டிடிபி://டபிள்யூடபிள்யூடபிள்யூ.உதாரணம்.பரிட்சை/

இரண்டு பெயர்களையும் சர்வர்ஏலியாஸ் (கூடுதல் பெயர் தரும் வரி) மூலம் ஒரே விர்ச்சுவல் ஹோஸ்டில் போட்டு, அதற்குள்ளேயே இந்த ரீடைரக்ட் வரியையும் எழுதுவதுதான் முடிவில்லாச் சுழற்சிக்கு மிக எளிதான வழி. டபிள்யூ முகவரியில் வந்தவரையும் அந்த வரி டபிள்யூ முகவரிக்கே அனுப்பும். உலாவி சில தடவை சுற்றிப் பார்த்துவிட்டுக் கைவிடும். முகவரியை மாற்றியெழுதும் ரீரைட் விதிகளில் ஹோஸ்ட் பெயரைச் சோதித்து ஒரே தொகுதியில் இதைச் செய்ய முடியும் என்றாலும், பெயருக்கு ஒரு விர்ச்சுவல் ஹோஸ்ட் என்று பிரித்து எழுதுவதே படிப்பதற்கும் திருத்துவதற்கும் எளிது. தளத்தின் அடைவுக்குள்ளேயே வைக்கும் எச்டிஆக்சஸ் கோப்பில் எழுதுவது, சர்வர் கோப்பைத் தொட முடியாத பகிர்வு ஹோஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு மட்டும்.

மேலே உள்ள இரண்டாம் வரியின் கடைசிச் சாய்கோட்டை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ரீடைரக்ட் கட்டளை, முதல் சாய்கோட்டுக்குப் பின் பாதையில் எஞ்சியிருப்பதை எடுத்து இலக்கின் முடிவில் ஒட்டும். இலக்கு சாய்கோட்டில் முடிந்திருந்தால், வெற்றுப் பெயரின் "தொடர்பு" பக்கம் டபிள்யூ முகவரியின் "தொடர்பு" பக்கத்துக்குப் போகும். சாய்கோடு இல்லையென்றால் "உதாரணம்.பரிட்சைதொடர்பு" என்ற, உலகத்தில் இல்லாத டொமைனுக்குப் போகும். இதில் வேடிக்கை, முகப்புப் பக்கத்தில் ஒட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லாததால் அது மட்டும் சரியாகத் திறக்கும்.

ஒரு நண்பரின் சமையல் சேவைத் தளத்துக்கு நான் இந்தச் சாய்கோட்டை விட்டுவிட்டு, முகப்பை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, 301 எண்ணோடு அமைப்பை ஏற்றிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் விலைப்பட்டியல் பக்கம் திறக்கவில்லை என்று அழைப்பு. இரண்டு நிமிடத்தில் திருத்திவிட்டேன்; என் கணினியில் திறந்தது, அவருடைய கைப்பேசியில் திறக்கவே இல்லை. 301 என்பது நிரந்தர மாற்றம் என்பதால், காலக்கெடு எதுவும் சொல்லப்படாதபோது உலாவி அதை நினைவில் வைத்துக்கொண்டு சர்வரைக் கேட்காமலேயே பழைய தவறான இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவருடைய உலாவியின் தேக்கத்தை நீக்கச் செய்தேன். ஆனால் இரவில் அந்தப் பக்கத்தைத் திறந்த வாடிக்கையாளர்களின் கைப்பேசிகளை நான் எங்கே போய்த் தேடுவது? அன்றிலிருந்து சோதனை முடியும்வரை 302 என்ற தற்காலிக எண்ணைத்தான் எழுதுகிறேன்.

301, 302 ஆகியவற்றைப் பெறும் உலாவிகள், படிவத்திலிருந்து தரவை அனுப்பும் போஸ்ட் கோரிக்கையை, பக்கத்தை மட்டும் கேட்கும் கெட் கோரிக்கையாக மாற்றிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். வெற்றுப் பெயரில் வெளியிலிருந்து ஏபிஐ அழைப்புகள் (பிற நிரல்கள் அனுப்பும் கோரிக்கைகள்) வரும் என்றால் 308-ஐப் பயன்படுத்துங்கள். அது முறையையும் உடலையும் மாற்றாமல் அப்படியே கொண்டுபோகும்.

கோப்பை எழுதியதும் ஏ2என்சைட் கொடுத்து, அப்பாச்சிகன்ட்ரோலின் (தட்டும்போது அப்பாச்சிசிடிஎல்) கான்ஃபிக்டெஸ்ட் கட்டளையால் இலக்கணத்தைச் சோதித்து, சர்வரை ரீலோடு செய்யவும், ரீஸ்டார்ட் வேண்டியதில்லை. பிறகு அதே அப்பாச்சிகன்ட்ரோலை மைனஸ் குறியும் பெரிய எஸ் எழுத்தும் சேர்த்து இயக்குங்கள். எந்தப் பெயர் எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியில் இருக்கிறது, எது இயல்பு ஹோஸ்ட் என்ற பட்டியல் வரும். மணிக்கணக்கில் ஊகித்துக்கொண்டிருப்பதைவிட இந்தப் பட்டியலை ஒரு நிமிடம் படிப்பது மேல்.

சான்றிதழ்: திருப்பிவிடுவதற்கு முன்பே கேட்கப்படும் கேள்வி

எச்டிடிபிஎஸ் வழியாக வெற்றுப் பெயருக்கு வரும் உலாவி, ரீடைரக்ட் பதிலைப் பெறுவதற்கு முன்பாகவே மறையாக்க இணைப்பை ஏற்படுத்தியாக வேண்டும். அந்த நேரத்தில் சர்வர் காட்டும் சான்றிதழில் வெற்றுப் பெயர் இல்லையென்றால் உலாவி எச்சரிக்கைப் பக்கத்தோடு நின்றுவிடும். நீங்கள் எழுதிய ரீடைரக்ட் வரி படிக்கப்படவே மாட்டாது. "அங்கே எந்தத் தளமும் ஓடவில்லையே, சான்றிதழ் எதற்கு" என்ற கேள்விக்கு இதுதான் பதில். நட்சத்திரக் குறிச் சான்றிதழ் வைத்திருப்பவர்களும் ஏமாறும் இடம் இது. அந்த நட்சத்திரம் புள்ளிக்கு முன்னால் ஏதேனும் ஒரு சொல் இருக்கும் பெயர்களை மட்டுமே மூடும். வெற்றுப் பெயரைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனத்தின் சான்றிதழுக்கு செர்ட்பாட் கருவியை இயக்கும்போது சிறிய டி விருப்பத்தை இரண்டு முறை கொடுத்து இரண்டு பெயர்களையும் ஒரே சான்றிதழில் கேளுங்கள். வழக்கமான சோதனை முறையில், அந்த நிறுவனத்தின் சர்வர் 80-ஆம் போர்ட் வழியாக ஒவ்வொரு பெயருக்கும் வந்து ஒரு சிறு கோப்பைப் படிக்கும்; ரீடைரக்ட் இருந்தாலும் அது பின்தொடர்ந்து போகும். டபிள்யூ முகவரி வேறொரு சர்வரிலோ சிடிஎன்னிலோ இருந்தால் மட்டும் சிக்கல்: வெற்றுப் பெயருக்கான சோதனை அங்கே திருப்பிவிடப்பட்டு, கோப்பு கிடைக்காமல் தோற்கும். அப்படியானால் அந்தச் சோதனைப் பாதையை மட்டும் ரீடைரக்டிலிருந்து விலக்கி வையுங்கள், அல்லது டிஎன்எஸ் வழிச் சோதனைக்கு மாறுங்கள். சான்றிதழின் ஆயுள் வழக்கமாக 90 நாட்கள் என்பதால், முதல் முறை கிடைத்ததோடு திருப்தி அடையாமல் ரினியூ கட்டளையை டிரை ரன் விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடவும்.

சான்றிதழ் கிடைத்ததும் எச்டிடிபிஎஸ்ஸுக்கான போர்ட் 443-க்கு இரண்டு விர்ச்சுவல் ஹோஸ்டுகளை எழுதி, இரண்டிலும் எஸ்எஸ்எல்என்ஜின் ஆன் என்ற வரியையும் சான்றிதழ், சாவி ஆகிய கோப்புகளின் பாதைகளையும் சேர்க்கவும். டபிள்யூ முகவரிக்கானது உள்ளடக்கத்தைத் தரும். வெற்றுப் பெயருக்கானது அதற்குத் திருப்பிவிடும். போர்ட் 80-இல் இருக்கும் இரண்டும் இனி எச்டிடிபிஎஸ் முகவரிக்குத் திருப்ப வேண்டும், ஆகவே முதலில் எழுதிய இலக்குகளைத் திருத்திக்கொள்ளுங்கள்.

என்ஜின்எக்ஸில் இதே வேலை

இங்கே விர்ச்சுவல் ஹோஸ்டுக்கு சர்வர் பிளாக் என்று பெயர். அமைப்பு முறை ஒன்றே. வெற்றுப் பெயருக்கான பிளாக்கில் லிசன் வரி, சர்வர்_நேம் வரி, பிறகு ரிட்டர்ன் 302 என்று எழுதி, டபிள்யூ முகவரியை ஒட்டியே டாலர் குறியுடன் ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ என்ற மாறியைச் சேர்க்கவும். அந்த மாறி சாய்கோட்டில்தான் தொடங்கும். எனவே இங்கே நீங்களாக ஒரு சாய்கோடு போட்டால் இரட்டைச் சாய்கோடாகிவிடும். அப்பாச்சியில் விட்டால் தவறு, என்ஜின்எக்ஸில் சேர்த்தால் தவறு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள் இதை ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

ஒரே பிளாக்கில் இரு பெயர்களையும் போட்டு இஃப் நிபந்தனையால் பிரிப்பது ஒவ்வொரு கோரிக்கைக்கும் வீணான சோதனை. தனி பிளாக் எழுதுமாறுதான் என்ஜின்எக்ஸ் ஆவணமே அறிவுறுத்துகிறது. லிசன் 80 என்ற வரி ஐபிவி4-ஐ மட்டுமே கேட்கும். சதுர அடைப்புக்குறிக்குள் இரட்டை முக்காற்புள்ளி இட்ட இன்னொரு லிசன் வரியை ஐபிவி6-க்காக 80, 443 இரண்டுக்குமே சேர்க்க வேண்டும்.

பெயர் பொருந்தாத கோரிக்கைகளுக்கு, லிசன் வரியில் டிஃபால்ட்_சர்வர் என்று குறித்த தனி பிளாக் ஒன்றை வைத்து, அதில் ரிட்டர்ன் 444 என்று எழுதினால் என்ஜின்எக்ஸ் பதிலே சொல்லாமல் இணைப்பை மூடிவிடும். 443-க்கு, மறையாக்க இணைப்பையே மறுத்துவிடும் எஸ்எஸ்எல்_ரிஜெக்ட்_ஹேண்ட்ஷேக் என்ற வசதி 1.19.4 பதிப்பிலிருந்து இருக்கிறது. அப்பாச்சியில் இந்த இடத்தை முதலில் படிக்கப்படும் கோப்பு பிடித்துக்கொள்ளும். அகரவரிசையில் முன்னால் வர வேண்டும் என்பதற்காகத்தான் இயல்புக் கோப்பின் பெயர் மூன்று பூஜ்யங்களோடு தொடங்குகிறது.

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் போன்ற தமிழ் டொமைன்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உலாவியில் தமிழில் தெரிந்தாலும், ஹோஸ்ட் வரியில் சர்வருக்கு வந்து சேர்வது எக்ஸ், என் என்ற எழுத்துகளோடும் இரண்டு சிறுகோடுகளோடும் தொடங்கும் ப்யூனிகோட் வடிவம். சர்வர்நேமிலும், ரீடைரக்ட் இலக்கிலும், செர்ட்பாட்டுக்குத் தரும் பெயரிலும் அந்த வடிவத்தையே எழுதுங்கள்.

சரிபார்த்தல்

உலாவி பழையதை நினைவில் வைத்திருக்கும் என்பதால் சோதனைக்கு அதை நம்பாதீர்கள். கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கர்ல் கட்டளையில் பெரிய ஐ விருப்பத்தைக் கொடுத்தால் பதிலின் தலைப்பு வரிகளை மட்டும் காட்டும். நிலை எண்ணையும் லொகேஷன் வரியையும் படியுங்கள். நான்கு வாசல்களையும், ஒவ்வொன்றிலும் முகப்பையும், உள்ளே ஆழமாக இருக்கும் ஒரு பக்கத்தையும், கேள்விக்குறியோடு கூடிய ஒரு முகவரியையும் சோதிக்க வேண்டும். டிஎன்எஸ் மாற்றத்துக்கு முன்பே புதிய சர்வரைச் சோதிக்க, ரிசால்வ் விருப்பத்தில் பெயர், போர்ட், ஐபி ஆகிய மூன்றையும் முக்காற்புள்ளியால் பிரித்துக் கொடுத்தால், கர்ல் டிஎன்எஸ்ஸைக் கேட்காமல் அந்த எண்ணுக்கே போகும்.

சுழற்சி தென்பட்டால், சர்வர் கோப்பைத் தவிர வேறு இரண்டு இடங்களைப் பாருங்கள். வேர்ட்பிரஸ் தன் அமைப்புகளில் தளத்தின் முகவரியைத் தனியாக வைத்திருக்கிறது. அங்கே வெற்றுப் பெயரும் சர்வரில் டபிள்யூ முகவரியும் இருந்தால் இரண்டும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டே இருக்கும். மற்றொன்று, சர்வருக்கு முன்னால் நிற்கும் சிடிஎன் பார்வையாளரிடம் எச்டிடிபிஎஸ் பேசிவிட்டு உங்கள் சர்வரிடம் வெறும் எச்டிடிபியில் வருவது. சர்வர் அதை எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்ப, அது மறுபடியும் எச்டிடிபியிலேயே வரும். சிடிஎன்னிலிருந்து சர்வர் வரையிலும் மறையாக்கத்தை இயக்குவதுதான் முறையான தீர்வு.

ஒரு வாரம் பதிவுக் கோப்புகளில் எதிர்பாராத 404-கள் இல்லையென்றால் 302-ஐ 301 ஆக மாற்றி, டிடிஎல்லைப் பழைய அளவுக்கு உயர்த்தலாம். எச்எஸ்டிஎஸ் தலைப்பை (இந்தப் பெயருக்கு இனி எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே வா என்று உலாவிக்குச் சொல்வதை) அதற்கும் பிறகு, சிறிய கால அளவில் தொடங்கி ஏற்றுங்கள். எச்டிடிபிஎஸ் மட்டுமே என்று உலாவிகளுக்குள்ளேயே முன்கூட்டிப் பதிக்கப்படும் பட்டியலில் டொமைனைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் போர்ட் 80-இல் வெற்றுப் பெயருக்கான இலக்கை மட்டும் மறுபடியும் திருத்த வேண்டியிருக்கும்: அந்தப் பட்டியலின் நிபந்தனைப்படி, எச்டிடிபி வெற்றுப் பெயர் முதலில் எச்டிடிபிஎஸ் வெற்றுப் பெயருக்கும், அங்கே எச்எஸ்டிஎஸ் தலைப்பைக் கொடுத்த பிறகே டபிள்யூ முகவரிக்கும் போக வேண்டும். அந்தத் தலைப்பில் கால அளவு குறைந்தது 31536000 விநாடிகள், அதாவது ஓராண்டு இருக்க வேண்டும். துணை டொமைன்கள் அனைத்தையும் அது கட்டுப்படுத்தும் என்பதால், எச்டிடிபிஎஸ் இல்லாத பழைய துணை டொமைன் ஏதாவது எங்காவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று அதற்கு முன்பே டிஎன்எஸ் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.